ஆரஞ்சுக்குத் தாய் யார்? பழச்சாற்றில் டி.என்.ஏ. சாட்சியம்

பழக்கடையில் "ஒரு ஆரஞ்சு ஜூஸ்" என்று சொன்னால் கடைக்காரர் கை போவது கமலா ஆரஞ்சுக்குத்தான். தோல் தொளதொளவென்று இருக்கும், நகம் பட்டாலே உரியும், சுளை சுளையாகப் பிரியும். பக்கத்துக் கூடையில் பச்சையும் மஞ்சளுமாகக் கிடப்பது சாத்துக்குடி. அது வேறு பழம், வேறு விலை, ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவரைப் பார்க்கப் போகும்போது வாங்குவது. இந்தப் பாகுபாட்டில் நமக்குக் குழப்பம் எதுவும் இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் பழச்சாறு விதிகளைத் திறந்தால்தான் குழப்பம் தொடங்குகிறது. அங்கே ஆரஞ்சு என்ற பெயருக்கு உரியது சிட்ரஸ் சைனென்சிஸ் என்ற இனம். நம் சாத்துக்குடி அந்த இனத்தைச் சேர்ந்தது. நாம் ஆரஞ்சு என்று அழைக்கும் நாக்பூர்ப் பழமும் குடகுப் பழமும் சிட்ரஸ் ரெட்டிகுலேட்டா, அதாவது மாண்டரின். நாக்பூர் ஆரஞ்சைப் பிழிந்து, சொட்டுத் தண்ணீர்கூடச் சேர்க்காமல், பாரிஸ் கடையில் ஆரஞ்சுச் சாறு என்று விற்றால் சட்டத்தின் கண்ணில் அது பொய்ப்பெயர்.

பழச்சாற்றுக் கலப்படத்தை டி.என்.ஏ. கொண்டு கண்டுபிடிக்கும் முயற்சிகளில் அதிகம் உழைப்பு கொட்டப்பட்டது இந்த இரண்டு பழங்களைப் பிரித்தறிவதில்தான். காரணம் வணிகம். மாண்டரின் சாற்றுக்கு நிறம் அதிகம். பருவம் தவறி வெளுத்துப் போன ஆரஞ்சுச் சாற்றில் கொஞ்சம் கலந்தால் கண்ணுக்கு அழகாகிவிடும். வரத்து மிகுந்த நாட்களில் விலையும் குறைவு. அமெரிக்க விதிகள் 10 சதவீதம் வரை கலக்க இடம் தருகின்றன. சர்வதேச உணவுத் தர நெறியான கோடெக்ஸின் 2005-ஆம் ஆண்டுப் பழச்சாறு நெறியும் அதே 10 சதவீதத்தை அனுமதிக்கிறது. ஐரோப்பாவில் மாண்டரின் கலந்தால் அந்தப் பெயரையும் சேர்த்துச் சொல்லியாக வேண்டும். பிரேசிலிலிருந்து கப்பலேறும் ஒரே அடர்சாறு ஒரு துறைமுகத்தில் இறங்கினால் ஆரஞ்சு, இன்னொன்றில் இறங்கினால் மோசடி.

மரபணு ஆய்வகங்கள் இந்தத் துறைக்குள் வருவதற்கு முன்பு என்ன செய்தார்கள் என்பதையும் பார்த்துவிடலாம். கலப்படக்காரரும் வேதியியலாளரும் மாறி மாறி ஒருவரை ஒருவர் முந்திய கதை அது.

1970-களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் பீச்-நட் நிறுவனம் கைக்குழந்தைகளுக்கென்று 'நூறு சதவீத ஆப்பிள் சாறு' விற்றது. அடர்சாறு சந்தை விலையைவிடக் கணிசமாகக் குறைந்த விலைக்கு வந்துகொண்டிருந்தது. அதில் ஆப்பிள் ஏறத்தாழ இல்லை. சர்க்கரை, தண்ணீர், நிறம், மணமூட்டி, அவ்வளவுதான். நிறுவனத்தின் ஆராய்ச்சிப் பிரிவுத் தலைவர் ஜெரோம் லிக்காரி 1981-இல் எழுத்து மூலமாகவே எச்சரித்தார். கேட்பார் இல்லாமல் வேலையை விட்டுப் போனார். அடுத்த ஆண்டு அதிகாரிகள் நெருங்கியபோது சரக்கு இரவோடு இரவாக லாரிகளில் நியூயார்க் மாநில எல்லையைத் தாண்டியது. 1987-இல் நிறுவனம் 215 குற்றச்சாட்டுகளை ஒப்புக்கொண்டு 20 லட்சம் டாலர் அபராதம் கட்டியது.

அந்தக் காலத்தில் வேதியியலாளர் கையில் இருந்த கூர்மையான ஆயுதம் கார்பன் ஐசோடோப்பு. கரும்பும் மக்காச்சோளமும் காற்றிலிருந்து கார்பனை உள்வாங்கும் வழி வேறு, ஆப்பிளும் ஆரஞ்சும் உள்வாங்கும் வழி வேறு. கனமான கார்பனுக்கும் லேசான கார்பனுக்கும் உள்ள விகிதம் அதற்கேற்ப மாறும். ஆப்பிள் சாற்றில் கரும்புச் சர்க்கரை கலந்தால் அந்த விகிதம் காட்டிக்கொடுத்துவிடும். கலப்படக்காரர் அசரவில்லை. பீட் கிழங்குச் சர்க்கரைக்கு மாறினார். பீட்டும் ஆப்பிளும் கார்பன் விஷயத்தில் ஒரே கட்சி. பிரான்சின் நாந்த் நகரில் ஜெரார் மார்த்தன் 1980-களின் தொடக்கத்தில் ஹைட்ரஜன் ஐசோடோப்பை அணுக்காந்த ஒத்ததிர்வு மூலம் படிக்கும் முறையைக் கொண்டுவந்த பிறகுதான் பீட் சர்க்கரையும் பிடிபட்டது. முதலில் ஒயினில், பின்னர் பழச்சாற்றில். அன்னாசி இன்னொரு வேடிக்கை. அது கார்பனைச் சேர்க்கும் விதம் கிட்டத்தட்டக் கரும்பின் எண்களையே தரும். அன்னாசிச் சாற்றில் கரும்புச் சர்க்கரை கலந்தால் கார்பன் சோதனை அதைக் கண்டுகொள்ளாது.

இந்தப் பின்னணியில்தான் டி.என்.ஏ. மீது நம்பிக்கை பிறந்தது. வேதிப்பொருளின் அளவு மண்ணுக்கும் மழைக்கும் பருவத்துக்கும் ஏற்ப ஏறி இறங்கும். மாண்டரினில் பீட்டா கிரிப்டோசாந்தின் என்ற நிறமி அதிகம் என்பது பழைய அடையாளம், ஆனால் எவ்வளவு அதிகம் என்று கேட்டால் தோட்டத்துக்குத் தோட்டம் பதில் மாறும். டி.என்.ஏ. எழுத்து வரிசைக்கு வெயிலும் மழையும் பொருட்டில்லை.

ஆனால் அதைச் சாற்றிலிருந்து எடுப்பது எளிதல்ல. பள்ளிப் பிள்ளைகள் செய்யும் சோதனை ஒன்று உண்டு. கனிந்த வாழைப்பழத்தைப் பிசைந்து, உப்பும் பாத்திரம் கழுவும் திரவமும் சேர்த்து, துணியில் வடிகட்டி, மேலே மெதுவாகக் குளிர்ந்த ஸ்பிரிட்டை ஊற்றினால் இரண்டும் சந்திக்கும் இடத்தில் வெள்ளை வெள்ளையாக நூல் திரளும். "இதுதான் டி.என்.ஏ." என்பார் ஆசிரியர். பாதி உண்மை. அந்தத் திரளில் பெரும்பங்கு பெக்டின் என்னும் பழப்பசை. ஜாமைக் கெட்டிப்படுத்தும் அதே பொருள்தான் இங்கே டி.என்.ஏ.-வோடு சேர்ந்து திரண்டு கண்ணை ஏமாற்றுகிறது. ஆய்வகத்திலும் இதே தொல்லை. பெக்டினும் பழத்தின் துவர்ப்புப் பொருள்களும் ஒட்டிக்கொண்டு வந்து, அடுத்துச் செய்ய வேண்டிய நொதி வினையை முடக்கிப்போடும். அதனால்தான் சாற்றை முதலில் மையவிலக்கியில் சுழற்றி அடியில் படியும் சக்கையை மட்டும் எடுக்கிறார்கள். பிறகு 'சிடாப்' என்ற சோப்பு போன்ற கரைசலில் 65 டிகிரியில் ஊறவைத்து, குளோரோஃபார்ம் விட்டுக் கலக்கி, மீண்டும் சுழற்றி, மேலே தெளிந்து நிற்கும் அடுக்கை மட்டும் உறிஞ்சி எடுப்பார்கள்.

எடுத்தாலும் கிடைப்பது முழு நூல் அல்ல, நைந்த துண்டுகள். பழச்சாறு அமிலம், ஆலையில் அதைக் கொதிநிலைக்குச் சற்றுக் கீழே சூடாக்குகிறார்கள், அடர்சாறாக வற்றவைக்கிறார்கள், பிறகு மாதக்கணக்கில் கிடங்கில் வைக்கிறார்கள். அமிலமும் சூடும் சேர்ந்து டி.என்.ஏ. ஏணியின் படிகளைப் பிடுங்கி எறிந்துவிடும். எஞ்சிய துண்டுகளில் நூறு, இருநூறு எழுத்து நீளமுள்ளவற்றைத்தான் நம்பலாம்.

அந்தச் சின்னத் துண்டைப் பெருக்குவது பி.சி.ஆர். கொரோனா காலத்தில் மூக்கில் குச்சி விட்டு எடுத்துப் பார்த்தார்களே, அதன் அடிப்படையே இங்கும். காரி முல்லிஸ் 1983-இல் யோசித்துக் கண்டு, 1993-இல் நோபல் பரிசு பெற்ற முறை. சூடாக்கினால் இரட்டை இழை பிரியும், குளிரவைத்தால் நொதி ஒவ்வோர் இழைக்கும் புதுத் துணையை எழுதும். ஒரு சுற்றுக்கு இருமடங்கு. 30 சுற்றில் ஒரு துண்டு நூறு கோடியைத் தாண்டிவிடும்.

எந்த இடத்தைப் பெருக்குவது என்பதில்தான் சூட்சுமம். செல்லின் உட்கருவில் இருக்கும் டி.என்.ஏ. இரண்டே பிரதி. பசுங்கணிகத்துக்குச் சொந்த டி.என்.ஏ. உண்டு, ஒரு செல்லில் அது நூற்றுக்கணக்கான பிரதிகளாக இருக்கும். பழம் பழுத்துப் பச்சையம் போய் மஞ்சளும் ஆரஞ்சும் ஏறினாலும் அந்தக் கணிகத்தின் டி.என்.ஏ. எஞ்சியிருக்கும். நைந்துபோன சரக்கில் தேடுபவருக்கு அதிகப் பிரதி உள்ள இடம்தானே வசதி? 2000-ஆம் ஆண்டு வாக்கில் இங்கிலாந்தின் கேம்ப்டன் உணவு ஆராய்ச்சி நிலையத்தில் மாண்டரின் கலப்பைக் கண்டறிய ஒரு முறையை உருவாக்கியவர்கள் பசுங்கணிக டி.என்.ஏ.-வில் ஓர் இடத்தைத்தான் பிடித்துக்கொண்டார்கள். அந்த இடத்தில் ஆரஞ்சுக்கும் மாண்டரினுக்கும் சில எழுத்துகளே நீள வேறுபாடு.

ஒன்றுவிட்ட சகோதரர் போல நெருக்கமான இரண்டு பழங்களுக்கு இந்த வேறுபாடு எப்படி வந்தது? ஆரஞ்சு இயற்கையில் தனி இனமாகத் தோன்றியதல்ல. பம்பளிமாஸும் மாண்டரினும் பலமுறை கலந்து பிறந்த கலப்பினம் அது. 2014-லும் 2018-லும் வெளியான சிட்ரஸ் மரபணுத்தொகுதி ஆய்வுகள் இதை உறுதியாக்கின. பசுங்கணிகம் தாயிடமிருந்து மட்டுமே வரும். ஆரஞ்சின் பசுங்கணிகம் பம்பளிமாஸிடமிருந்து வந்தது. மாண்டரினின் பசுங்கணிகம் மாண்டரினுடையது. உட்கருவைப் பார்த்தால் ஆரஞ்சில் மாண்டரின் பாதிக்கு மேல் கலந்து கிடக்கிறது, எங்கே ஆரம்பம் எங்கே முடிவு என்று சொல்வது சிரமம். தாய்வழியைப் பார்த்தால் இரண்டும் இரண்டு குடும்பம். ஆய்வகம் பாட்டிலைத் திறந்து கேட்கும் கேள்வி, "உன் தாய் யார்?" என்பதுதான்.

அடுத்து, எவ்வளவு கலந்திருக்கிறது என்ற கேள்வி. கேம்ப்டன் முறையின் அழகு இங்கேதான் இருக்கிறது, கொஞ்சம் நின்று பார்க்கலாம். பெருக்கிய துண்டுகளைச் சூடாக்கி இழை பிரித்து, மெல்லக் குளிரவிடுகிறார்கள். ஆரஞ்சு இழை ஆரஞ்சு இழையோடு சேரும், மாண்டரின் இழை மாண்டரின் இழையோடு சேரும். சில வேளை ஆரஞ்சின் ஓர் இழையும் மாண்டரினின் ஓர் இழையும் கைகோத்துவிடும். அப்போது ஒரு பக்கம் சில எழுத்து குறைவதால் மறுபக்கத்து எழுத்துகள் துணையின்றிப் புடைத்து நிற்கும். அளவு பொருந்தாத இரண்டு துணிகளைச் சேர்த்துத் தைத்தால் ஒரு பக்கம் சுருக்கம் விழுமே, அப்படி. மின்சாரம் பாயும் ஜெல்லில் ஓடவிட்டால் இந்தப் புடைப்புக்காரர்கள் தடுக்கித் தடுக்கிப் பின்தங்கித் தனிக்கோடாகத் தெரிவார்கள்.

டி.என்.ஏ.-வில் 90 பங்கு ஆரஞ்சு, 10 பங்கு மாண்டரின் என்று வையுங்கள். இழைகள் பாரபட்சமில்லாமல் சேர்ந்தால் நூற்றில் 81 தூய ஆரஞ்சு ஜோடி, 1 தூய மாண்டரின் ஜோடி, 18 கலப்பு ஜோடி. ஒன்றைத் தேடினால் கண்ணில் படாமல் போகலாம், பதினெட்டைத் தேடினால் தவறாது. இந்தக் கணக்குக்கு ஹார்டி-வைன்பெர்க் விதி என்று பெயர், 1908-இல் வந்தது. ராமானுஜனை கேம்பிரிட்ஜுக்கு வரவழைத்தாரே, அதே ஜி. எச். ஹார்டிதான். தன் கணிதத்தால் உலகத்துக்கு நடைமுறைப் பயன் எதுவும் இல்லை என்று பிற்காலத்தில் எழுதியவர். அவர் விதி நூறாண்டு கழித்துச் சாறு விற்பவர்களின் கணக்கைச் சரிபார்க்கிறது. 2009-இல் இந்த முறையையே நகம் அளவுச் சில்லுக்குள் ஓட்டிக் காட்டி ஆய்வுக் கட்டுரையும் வந்தது. நாள்கணக்கில் ஜெல் ஊற்றிக் காத்திருக்க வேண்டிய அவசியம் போயிற்று.

இங்கே என் சந்தேகத்தையும் சொல்லிவிட வேண்டும். டி.என்.ஏ. விகிதம் சாற்றின் விகிதம் ஆகாது. டி.என்.ஏ. தங்கியிருப்பது சக்கையில். மாண்டரின் சாற்றை நன்றாக வடிகட்டித் தெளிவாக்கிவிட்டுச் சக்கை மிதக்கும் ஆரஞ்சுச் சாற்றில் கலந்தால், கலந்த அளவைவிட மிகக் குறைவாகத்தான் சோதனை காட்டும். தலைகீழாகவும் செய்யலாம். சர்க்கரைத் தண்ணீரில் ஆரஞ்சுச் சக்கையைக் கொஞ்சம் தூவிவிட்டால் டி.என்.ஏ. சோதனை "ஆரஞ்சு, சந்தேகமே இல்லை" என்று சான்றிதழ் கொடுத்துவிடும். சுத்திகரித்த சர்க்கரைக்கு டி.என்.ஏ. கிடையாது. சிட்ரிக் அமிலத்துக்குக் கிடையாது, செயற்கை மணத்துக்குக் கிடையாது, தண்ணீருக்குச் சொல்லவே வேண்டாம். பீச்-நட் குழந்தைகளுக்கு விற்றதை இன்றைய மரபணு ஆய்வகத்தில் கொடுத்தால், "ஒன்றும் கிடைக்கவில்லை" என்று பதில் வரும். வடிகட்டிய நல்ல ஆப்பிள் சாற்றுக்கும் சில சமயம் அதே பதில் வரும். பிழிந்து எஞ்சிய சக்கையைத் தண்ணீரில் அலசி எடுக்கும் இரண்டாம் சாறு ஒன்று உண்டு. அதைச் சாற்றோடு கலப்பது ஆலைகளில் பழைய தந்திரம். அதிலும் ஆரஞ்சு டி.என்.ஏ.-தான் இருக்கும்.

தாய்வழிக் கேள்விக்கும் ஒரு குருட்டுப் பக்கம் உண்டு. கிரேப்ஃப்ரூட், பம்பளிமாஸுக்கும் ஆரஞ்சுக்கும் பிறந்தது. அதன் பசுங்கணிகமும் பம்பளிமாஸ் வழிதான். ஐரோப்பியரின் லெமனுக்கும் (நம் எலுமிச்சை வேறு) தாய் கசப்பு ஆரஞ்சு, அதற்குத் தாய் மீண்டும் பம்பளிமாஸ். ஆரஞ்சுச் சாற்றில் மலிவான கிரேப்ஃப்ரூட் சாற்றைக் கலந்தால் தாய் யார் என்ற கேள்விக்கு இருவரும் ஒரே பாட்டியைக் கைகாட்டுவார்கள். இங்கே கைகொடுப்பது பழைய வேதியியல். கிரேப்ஃப்ரூட்டின் கசப்புக்குக் காரணமான நரிஞ்சின் இனிப்பு ஆரஞ்சில் இருக்காது. அது தெரிந்தால் கதை முடிந்தது. ஐரோப்பியப் பழச்சாறு சங்கத்தின் நடைமுறை நெறி ஒரே சோதனையை நம்பாமல் சர்க்கரைகளின் விகிதம், ஐசோசிட்ரிக் அமிலம், அமினோ அமிலங்கள், பொட்டாசியம், ஐசோடோப்பு என்று வரிசையாக அளக்கச் சொல்வது இதனால்தான். டி.என்.ஏ. அந்த வரிசையில் ஒரு சாட்சி. "இவர் அங்கே இருந்தார்" என்று உறுதியாகச் சொல்லும், "வேறு யாரும் இல்லை" என்று சொல்லாது.

இருந்தார் என்பது மட்டும் போதாது என்பதற்கு மாதுளை ஒரு நல்ல வழக்கு. அமெரிக்காவில் கோகோ-கோலா நிறுவனம் 'மினிட் மெய்ட்' பெயரில் மாதுளை, புளூபெரி என்று பெரிய எழுத்தில் போட்டு ஒரு பானம் விற்றது. 'ஐந்து சாறுகளின் சுவைக்கலவை' என்பது சிறிய எழுத்தில். உள்ளே 99.4 சதவீதம் ஆப்பிளும் திராட்சையும். மாதுளை 0.3 சதவீதம். மாதுளைச் சாறு விற்கும் பாம் ஒண்டர்ஃபுல் நிறுவனம் வழக்குப் போட்டது. உச்ச நீதிமன்ற விசாரணையின்போது நீதிபதி கென்னடி, தானும் அதை மாதுளைச் சாறு என்றே நினைத்ததாகச் சொன்னார். 2014 ஜூனில் அவர் எழுதிய தீர்ப்பு வழக்குத் தொடர அனுமதி தந்தது, ஆனால் 2016-இல் ஜூரி கோகோ-கோலா பக்கம் நின்றது. இந்தப் பாட்டிலை டி.என்.ஏ. சோதனைக்கு அனுப்பியிருந்தால் என்ன சொல்லியிருக்கும்? மாதுளை உண்டு என்று சொல்லியிருக்கலாம். விற்றவருக்கு அது சாதகம்.

நம் நாட்டில் உணவுக் கலப்படத்துக்கு டி.என்.ஏ. புதிதல்ல. மிளகுத்தூளில் பப்பாளி விதை கலந்திருக்கிறதா என்று பார்க்கும் மரபணு முறையைக் கோழிக்கோட்டின் இந்திய நறுமணப் பயிர்கள் ஆராய்ச்சி நிலையத்தில் உருவாக்கினார்கள். பாசுமதியில் வேறு அரிசி கலப்பதை ஹைதராபாத்தின் டி.என்.ஏ. ரேகை ஆய்வு மையம் கண்டறிகிறது. பிரிட்டனின் நடைமுறை நெறி பாசுமதியில் வேற்று அரிசிக்கு 7 சதவீதம் வரைதான் இடம் தருவதால் ஏற்றுமதியாளருக்கு வேறு வழியும் இல்லை. அரிசி, மிளகு எல்லாம் உலர்ந்த மணிகள், டி.என்.ஏ. பத்திரமாக இருக்கும். சாறு அப்படியல்ல.

நமக்கு ஆரஞ்சைவிட மாம்பழம்தான் முக்கியம். மாங்கூழில் பப்பாளியோ பூசணியோ கலந்திருந்தால் டி.என்.ஏ. சொல்லிவிடும், அவை வேறு குடும்பம். மாம்பழத்துக்குள்ளேயே நடக்கும் மாற்றுதான் சிக்கல். கிருஷ்ணகிரி, சித்தூர் மாவட்ட மாங்கூழ் ஆலைகளுக்கு வண்டி வண்டியாக வருவது பெரும்பாலும் பெங்களூரா என்னும் கிளிமூக்கு மாம்பழம். நிறைய விளையும், விலை குறைவு. அல்போன்சா அதற்கு நேரெதிர். டப்பாவில் அல்போன்சா என்று எழுதி உள்ளே கிளிமூக்கு இருந்தால், இனத்தை மட்டும் பார்க்கும் சோதனை "மாம்பழம்" என்று சொல்லி ஒதுங்கிக்கொள்ளும். ரகம் பிரிக்க உட்கருவில் பல இடங்களைச் சேர்த்துப் படிக்க வேண்டும். பச்சைப் பழத்தில் அது சுலபம், கொதிக்கவைத்து டின்னில் அடைத்த கூழில் கடினம். இந்தியாவில் இந்த ஆராய்ச்சிக்குச் செலவழிப்பதாக இருந்தால் முதலில் இங்கே செலவழிக்க வேண்டும் என்பது என் கட்சி. அல்போன்சா விலை கொடுப்பவரும் கிளிமூக்கு விளைவிப்பவரும் ஒருசேர ஏமாறும் இடம் அது.

அதற்கு முன், பெயர். இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2024 ஜூனில் ஓர் உத்தரவு போட்டது. அடர்சாற்றில் தண்ணீர் சேர்த்து மீட்டெடுத்த சாற்றை '100 சதவீதப் பழச்சாறு' என்று விளம்பரப்படுத்தக் கூடாது, அச்சிட்ட உறைகளை அதே ஆண்டு செப்டம்பர் 1-க்குள் தீர்த்துவிட வேண்டும் என்றது. ஒரு கிலோவுக்கு 15 கிராமுக்கு மேல் சர்க்கரை சேர்த்தால் 'இனிப்பூட்டிய சாறு' என்று எழுத வேண்டும் என்பதையும் நினைவூட்டியது. நல்ல உத்தரவு, தாமதமாக வந்தது. ஆனால் 'ஃப்ரூட் டிரிங்க்' என்ற பெயரில் விற்கும் பானங்களுக்குப் பழச்சாறு 10 சதவீதம் இருந்தால் போதும் என்ற விதி இருக்கிறது, எலுமிச்சைக்கு 5 சதவீதம். முன்பக்கம் முழுக்க மாம்பழப் படம் போட்டு, உள்ளே பத்தில் ஒரு பங்கு மாங்கூழ் வைத்தால் அது கலப்படம் ஆகாது. டி.என்.ஏ. சோதனையிலும் தேறிவிடும்.

பாட்டிலையோ டப்பாவையோ அடுத்த முறை கையில் எடுக்கும்போது படத்தை விட்டுவிட்டுப் பின்பக்கம் திருப்புங்கள். உட்பொருள்கள் எடை அதிகமானதிலிருந்து குறைவானதற்கு வரிசைப்படி எழுதப்பட்டிருக்கும். பழத்தின் பெயருக்குப் பக்கத்தில் சதவீதம் போட்டிருக்கும். பெரும்பாலான மாம்பழப் பானங்களில் முதல் சொல் தண்ணீர்.